எல்லையில் டிக்கெட்டை உடையுங்கள்: கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்களுக்கான வெளிநாட்டு ரயில் வழிகாட்டி

கிருஷ்ணகிரி ஊருக்கு ரயில் நிலையம் கிடையாது. 1905-இல் திருப்பத்தூரிலிருந்து போட்ட குறுகிய பாதை பின்னால் மூடப்பட்டதோடு சரி. ரயில் ஏற ஓசூருக்கோ தர்மபுரிக்கோ சாமல்பட்டிக்கோ போகிறார்கள். ஆந்திர எல்லையைத் தாண்டிக் குப்பத்தில் போய் ஏறுகிறவர்களும் உண்டு. தர்மபுரியில் நிலையம் இருக்கிறது, ஆனால் அது ஹூப்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூர் கோட்டத்தில் வருகிறது. எல்லை என்றால் என்ன என்று இந்த இரண்டு மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

பெங்களூருக்குக் காசு மிச்சம் பிடித்துப் போக இங்கே ஒரு பழைய வழி உண்டு. நேர் பஸ்ஸில் ஏறாமல் ஓசூரில் இறங்கி, கர்நாடக எல்லை ஊரான அத்திப்பள்ளி போய், அங்கே பெங்களூர் நகரப் பஸ்ஸான பிஎம்டிசி பிடிப்பது. வெளிநாட்டில் எல்லை தாண்டும் ரயிலுக்கு டிக்கெட் எடுக்கும் சூட்சுமமும் ஏறக்குறைய இதுதான்: எல்லை நிலையம்வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து இன்னொன்று. சில எல்லைகளில் இப்படி உடைத்தால் விலை குறையும். சில எல்லைகளில் விலை பெரிதாகக் குறையாது, ஆனால் தீர்ந்துபோன வண்டிக்குப் பதில் வேறு வண்டியில் இடம் கிடைக்கும்.

இதை நம் ஊர் ரயிலில் செய்துபார்க்காதீர்கள். மொரப்பூரிலிருந்து டெல்லிக்கு ஒரே டிக்கெட்டாக எடுப்பதைவிட, நடுவில் உடைத்து இரண்டாக எடுத்தால் கூடத்தான் ஆகும். இந்திய ரயில்வேயில் தூரம் கூடக் கூடக் கிலோமீட்டருக்கான கட்டணம் குறையும். உடைத்தால் அந்தச் சலுகை போய்விடும். முன்பதிவுக் கட்டணமும் சூப்பர்ஃபாஸ்ட் கட்டணமும் இரண்டு தடவை விழும்.

கீழே வருவது பெரும்பாலும் சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, லாவோஸ் என்று ஒரே கோட்டில் போகிற பாதை. கையில் கொஞ்சம் பணம் வைத்துக்கொண்டு கிளம்புகிறவருக்கு இதைவிடத் தோதான வெளிநாட்டு ரயில் பாதை குறைவு. கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பெங்களூர், சென்னை, திருச்சி மூன்றிலிருந்தும் விமானம் இருக்கிறது. தர்மபுரி, அரூர் பக்கம் இருப்பவர்கள் பெங்களூரை மட்டும் பார்க்காமல் திருச்சி விலையையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. பெங்களூர் விமான நிலையம் ஊருக்கு வடக்கே இருக்கிறது. ஓசூர் வழியாக வருகிறவர்கள் நகரத்தை முழுக்கக் குறுக்கே கடக்க வேண்டும். அந்த நேரத்தையும் செலவையும் கணக்கில் சேர்த்தால் சில நாள் திருச்சி ஜெயித்துவிடும்.

கார்டு, ஓடிபி, பெயர்

வெளிநாட்டு ரயில் தளத்தில் பணம் கட்டும்போது கார்டு நிராகரிக்கப்பட்டால், பாதிக்குப் பாதி காரணம் ஒன்றுதான். புதிதாகக் கொடுக்கப்படும் கார்டுகள் 2020-இல் வந்த ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி உள்நாட்டில் மட்டுமே வேலை செய்யும்படிதான் வருகின்றன. வங்கி ஆப்பில் போய் ‘சர்வதேசப் பயன்பாடு’, ‘ஆன்லைன்’ இரண்டையும் திறந்து, வரம்பையும் ஏற்றிவைக்க வேண்டும். வரம்பு பூஜ்யத்தில் இருந்தால் திறந்தும் பயனில்லை. ரூபே கார்டை இந்தத் தளங்களில் நம்பிக் கிளம்ப வேண்டாம். விசா அல்லது மாஸ்டர்கார்டு ஒன்று கையில் இருக்கட்டும்.

பணம் கட்டும் பக்கத்தில் ‘ரூபாயில் கட்டுகிறீர்களா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மலேசிய ரிங்கிட்டிலோ தாய்லாந்து பாட்டிலோ கட்டினால் உங்கள் வங்கியின் மார்க்கப், அதாவது பணம் மாற்றும் கட்டணம், மட்டும்தான் விழும். பெரும்பாலான கார்டுகளில் அது 2 முதல் 3.5 சதவீதம், அதன்மேல் ஜிஎஸ்டி. ரூபாய் என்று தேர்ந்தெடுத்தால் எதிர்ப்பக்கத்துக்காரர் தன் இஷ்டத்துக்கு ஒரு விகிதம் போடுவார். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், இதே பதில்தான்.

ஓடிபி உங்கள் இந்திய எண்ணுக்குத்தான் வரும். விமான நிலையத்தில் உள்ளூர் சிம் போட்டுவிட்டு நம் சிம்மைக் கழற்றிப் பர்ஸில் வைத்தவர்கள் மலேசிய – தாய்லாந்து எல்லையான பாடாங் பெசாரில் டிக்கெட் எடுக்க முடியாமல் நிற்பது இதனால்தான். கிளம்பும் முன்பே ரோமிங்கைத் திறந்துவிடுங்கள். வெளியூரில் எஸ்எம்எஸ் வாங்கக் காசு இல்லை. அழைப்பை எடுப்பதும் பேசுவதும் டேட்டாவும்தான் காசு. இரட்டை சிம் போனாக இருந்தால் நம் சிம்மில் டேட்டாவை அணைத்துவிட்டு அப்படியே விட்டுவிடலாம். முடிந்த டிக்கெட்டுகளை வீட்டிலிருந்தே எடுத்துவிடுவது இன்னும் மேல்.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கென்றே ஒரு தலைவலி. பாஸ்போர்ட்டில் சிலருக்கு ‘சர்நேம்’ இடம் காலி; சிலருக்கு அப்பா பெயர்; சிலருக்கு வெறும் இனிஷியல். ரயில் தளத்தில் பெயருக்கு ஒரே கட்டம் இருந்தால், பாஸ்போர்ட்டின் அடியில் இரண்டு வரியாக அம்புக்குறிகளோடு இருக்கிறதே, அந்த வரிசையில் உள்ள பெயரை எழுதுங்கள். ஆதாரில் உள்ளதையோ வீட்டில் கூப்பிடுவதையோ எழுத வேண்டாம். இரண்டு கட்டம் கட்டாயம் என்றால், சர்நேம் இல்லாதவர்கள் அதே பெயரை இரண்டிலும் போடலாம். ரயில்காரர்கள் முக்கியமாகப் பார்ப்பது பாஸ்போர்ட் எண். அதில் பூஜ்யத்துக்குப் பதில் ‘ஓ’ அடித்துவிட்டால்தான் கதவு திறக்காது. விமான டிக்கெட்டில் இந்தத் தளர்வை எதிர்பார்க்காதீர்கள்; அங்கே அந்த விமான நிறுவனம் என்ன முறை சொல்கிறதோ அதுதான்.

பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்கு மேல் செல்ல வேண்டும். ஈசிஆர் முத்திரை (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி தேவை என்ற குறிப்பு) உள்ளவர்கள், அதாவது பத்தாம் வகுப்புச் சான்று காட்டாமல் எடுத்தவர்கள், ஒன்று தெரிந்துவைக்க வேண்டும். மலேசியாவும் தாய்லாந்தும் ஈசிஆர் பட்டியலில் இருக்கும் நாடுகள். சுற்றுலாவுக்குத் தனி அனுமதி தேவையில்லை, ஆனால் நம் ஊர் இமிக்ரேஷன் மேசையில் கேள்வி வரும். திரும்பி வரும் விமான டிக்கெட், தங்கும் இடத்தின் ரசீது இரண்டையும் தாளில் எடுத்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் கடையில் பத்து ரூபாய் செலவு. போன் சார்ஜ் இறங்கிய நேரத்தில் அதன் மதிப்பு தெரியும்.

சிங்கப்பூர் – ஜோகூர்: ஒரே தூரம், இரண்டு விலை

உட்லண்ட்ஸிலிருந்து ஜோகூர் பாரு சென்ட்ரலுக்கு ‘ஷட்டில் தெப்ராவ்’ ஓடுகிறது. ஜலசந்தியைக் கடக்க ஐந்து நிமிடம். சிங்கப்பூர்ப் பக்கம் ஏறினால் 5 சிங்கப்பூர் டாலர், மலேசியப் பக்கம் ஏறினால் 5 ரிங்கிட். எண் ஒன்று, காசு வேறு. நம் பணத்தில் சிங்கப்பூரிலிருந்து வருவது முந்நூறு ரூபாய்க்கு மேல், ஜோகூரிலிருந்து போவது நூறு ரூபாய் சொச்சம். அதனால் மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்குப் போகையில் ரயில், திரும்பும்போது பஸ் என்று வைத்துக்கொள்வதே கணக்குக்குச் சரி. உட்லண்ட்ஸிலிருந்து 950, குவீன் ஸ்ட்ரீட்டிலிருந்து 170 எண் பஸ்கள் ஜோகூர் போகின்றன. பஸ்ஸில் இரண்டு சோதனைச்சாவடியிலும் இறங்கி ஏற வேண்டும். வெள்ளி மாலையில் பாலத்தில் மணிக்கணக்கில் நிற்கவும் நேரலாம். அன்றைக்கு மட்டும் டாலரைப் பார்க்காமல் ரயில் ஏறுங்கள், டிக்கெட் இருந்தால்.

அந்த ‘இருந்தால்’தான் சிக்கல். காலையில் ஜோகூரிலிருந்து சிங்கப்பூருக்கும் மாலையில் எதிர்த்திசையிலும் வேலைக்குப் போய்வருகிற மலேசியர்கள் நிரம்பியிருப்பார்கள். சனி, ஞாயிறிலும் ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறையிலும் சிங்கப்பூர்க்காரர்கள் கடைக்கும் சாப்பாட்டுக்கும் இந்தப் பக்கம் வருவார்கள். டிக்கெட் மலேசிய ரயில்வேயான கேடிஎம்பி-யின் ‘கிட்ஸ்’ தளத்தில் கிடைக்கும். அதில் ஷட்டிலுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. சாதாரண ரயில் தேடலில் உட்லண்ட்ஸ் என்று அடித்துவிட்டு ‘வண்டியே இல்லை’ என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கணக்குத் தொடங்கி, பாஸ்போர்ட் எண் கொடுத்து, நாளும் நேரமும் தேர்ந்தெடுத்தால் க்யூஆர் சீட்டு வரும். நிலையத்தில் கடைசி நிமிடத்தில் ஓடி ஏறுவது நடக்காது. இமிக்ரேஷன் முடிந்துதான் வண்டி. அரை மணிக்கு முன்பே கதவருகில் இருங்கள்.

சிங்கப்பூரிலிருந்து வரும்போது உட்லண்ட்ஸிலேயே இரு நாட்டு முத்திரையும் முடிந்துவிடும். சிங்கப்பூர்த் தமிழில் இமிக்ரேஷனுக்குக் குடிநுழைவு என்று பெயர். மலேசியாவிலிருந்து போகும்போது மலேசிய வெளியேற்றம் ஜோகூர் நிலையத்தில், சிங்கப்பூர் நுழைவு உட்லண்ட்ஸில். ஆர்டிஎஸ் என்ற புதிய மெட்ரோ பாதை திறந்தபின் இந்த ஷட்டிலை நிறுத்திவிடுவது அறிவிக்கப்பட்ட திட்டம். ஆகவே நாள் குறிக்கும் முன் ஷட்டில் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

இந்தியர்களுக்குச் சிங்கப்பூர் விசா உண்டு. பெரும்பாலும் அங்கீகரிக்கப்பட்ட ஏஜெண்ட் வழியாகத்தான் போட வேண்டும். கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், அதன்மேல் ஏஜெண்டின் கமிஷன். கையை இறுக்கிப் பிடிப்பவர்கள் சிங்கப்பூரையே விட்டுவிட்டுக் கோலாலம்பூரில் இறங்குவது நல்லது. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களை 30 நாள்வரை விசா இல்லாமல் விடுகிறது; இந்தச் சலுகையை 2026 முடிவுவரை நீட்டித்திருக்கிறார்கள்.

மூன்று நாடுகளுக்கும் வருகைப் படிவம் ஆன்லைனில் நிரப்ப வேண்டும்: மலேசியாவுக்கு எம்டாக், தாய்லாந்துக்கு டிடாக், சிங்கப்பூருக்கு எஸ்ஜி அரைவல் கார்டு. மூன்றுமே நுழைவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும். மூன்றும் இலவசம். கூகுளில் மேலே வரும் தளம் பணம் கேட்டால் அது அரசுத் தளம் அல்ல. ஒரு நாட்டை விட்டு வெளியே போய் மறுபடி உள்ளே வந்தால் மறுபடி நிரப்ப வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பாடாங் பெசார்: நம் அத்திப்பள்ளி

மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் நடுவில் ரயில் தாண்டும் எல்லை பாடாங் பெசார். இங்கேதான் டிக்கெட்டை உடைக்க வேண்டும். நிலையம் மலேசிய மண்ணில் இருக்கிறது. ஆனால் இரு நாட்டு இமிக்ரேஷனும் அதே நிலையத்துக்குள். ஒரு மேசையில் வெளியேறி அடுத்த மேசையில் நுழைந்துவிடலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் இதே பெயரில் தாய்லாந்துக்கும் ஒரு சிறு நிலையம் உண்டு. டிக்கெட் தளத்தில் இரண்டும் வரும்போது எது என்று பார்த்து எடுங்கள்.

பாங்காக்கிலிருந்து பாடாங் பெசார்வரை 45, 46 எண் ஸ்பெஷல் எக்ஸ்பிரஸ் ஓடுகிறது. எல்லை தாண்டி வருவது அதன் இரண்டொரு பெட்டி மட்டும்தான். மீதி ரயில் தென் தாய்லாந்து நகரமான ஹாட்யாயிலேயே நின்றுவிடும். எனவே எல்லையிலிருந்து நேராகப் படுக்கை வேண்டும் என்று தேடினால் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். ‘பாங்காக்குக்கு இடமில்லை’ என்று விமானம் தேடப் போகிறவர்கள் கவனிக்காத விஷயம், ஹாட்யாயிலிருந்து பாங்காக்குக்குத் தினமும் பல வண்டிகள் இருக்கின்றன என்பது. பாடாங் பெசாரிலிருந்து ஹாட்யாய்க்கு மூன்றாம் வகுப்பு ஷட்டில் 50 பாட். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். முன்பதிவு கிடையாது, நிலையக் கவுண்டரில் எடுத்துக்கொண்டு ஏற வேண்டியதுதான்.

கோலாலம்பூரிலிருந்து பாடாங் பெசார்வரை மின்சார இடிஎஸ் வண்டி ஐந்தரை மணி நேரம்போல எடுக்கும். வேகமானது, வசதியானது. நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி வாரங்களில் சீக்கிரம் தீர்ந்துவிடும். மலேசியாவில் தீபாவளிக்கு விடுமுறை உண்டு என்பது நினைவிருக்கட்டும். பினாங்கு பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு இடிஎஸ் தேவையே இல்லை. ஜார்ஜ் டவுனிலிருந்து படகில் பட்டர்வொர்த் வந்து, கொமியூட்டர் ரயிலில் பாடாங் பெசார் போகலாம். இரண்டு மணி நேரத்துக்குள், பத்துப் பன்னிரண்டு ரிங்கிட். அதற்கும் முன்பதிவு இல்லை, தீர்ந்துபோவதும் இல்லை. கோலாலம்பூரிலிருந்து நேராக இடிஎஸ்ஸில் போவதைவிடப் பினாங்கில் ஓர் இரவு தங்கி இப்படிப் போவதே சிறந்தது. கூட ஒரு ஊரும் பார்த்தாயிற்று.

இனி இந்த எல்லையில் தவறு நடக்கும் இடங்கள். முதலாவது கடிகாரம். மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், தாய்லாந்து ஒன்றரை மணி நேரம் முன்னால். பாடாங் பெசாரில் இரண்டு நேரமும் ஒரே பிளாட்பாரத்தில் ஓடும். தாய்லாந்து ரயில் அட்டவணையில் உள்ள நேரம் தாய்லாந்து நேரம், கேடிஎம் சீட்டில் உள்ளது மலேசிய நேரம். வடக்கே போகிறவருக்கு இது ஒரு மணி நேரம் தானமாகக் கிடைக்கும். தெற்கே வருகிறவருக்குத்தான் ஆபத்து: தாய் நேரம் 10 மணிக்கு வந்து சேருகிறோம், கேடிஎம் வண்டி 10.45-க்கு, முக்கால் மணி அவகாசம் என்று நினைத்திருப்பார். வந்து இறங்கும்போது மலேசியக் கடிகாரத்தில் 11. வண்டி போய்க் கால் மணி ஆகியிருக்கும்.

இரண்டாவது, ஷட்டில்கள் ஒரு நாளைக்கு இரண்டுதான், காலையில் ஒன்று, மதியத்துக்குமேல் ஒன்று. அத்திப்பள்ளியில் ஒரு பஸ் போனால் பின்னாலேயே அடுத்தது நிற்கும். இங்கே அப்படி இல்லை. உடைத்து எடுத்த டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பு கிடையாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். கேடிஎம் தாமதமாகி ஷட்டிலைத் தவறவிட்டு, அதனால் ஹாட்யாயில் பாங்காக் வண்டியும் போய்விட்டால், தாய்லாந்து ரயில்வே அந்தப் பணத்தைத் தராது. ஒரே டிக்கெட்டாக எடுத்தால் ரயில்வே தலையில் விழும் பொறுப்பை, உடைக்கும்போது நாம் வாங்கிக்கொள்கிறோம். மிச்சமாகும் காசு அதற்கான கூலிதான். அதனால் உடைக்கும் இடத்தில் மூன்று மணி நேரமாவது விடுங்கள், அல்லது ஹாட்யாயில் ஓர் இரவு தங்கிவிடுங்கள். ஷட்டில் போய்விட்டாலும் வழி இல்லாமல் போகாது. சாலை எல்லை வழியாகத் தாய்ப் பக்கம் போனால் ஹாட்யாய்க்கு வேன் கிடைக்கும்.

மூன்றாவது, வரிசை. கொமியூட்டரில் வந்து இறங்கியதும் முதலில் தாய் ஷட்டிலுக்கு டிக்கெட் எடுங்கள், பிறகு இமிக்ரேஷன். தாண்டி உள்ளே போனபின் டிக்கெட்டுக்காகத் திரும்பி வர முடியாது. இமிக்ரேஷன் கதவை வண்டி நேரத்தை ஒட்டித்தான் திறப்பார்கள்; பூட்டியிருக்கிறதே என்று பதற வேண்டாம்.

பாட் கொஞ்சம் முன்பே கையில் இருக்கட்டும். தாய்லாந்து ஏடிஎம்கள் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் இருநூறு பாட்டுக்குமேல் கட்டணம் பிடிக்கும். ஆயிரம் ஆயிரமாக எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு கட்டணத்துக்கே போய்விடும். எடுப்பதை ஒரே தடவையில் எடுங்கள்.

ஹாட்யாய் – பாங்காக் படுக்கையைத் தாய்லாந்து ரயில்வேயின் ‘டி-டிக்கெட்’ தளத்தில் எடுக்கலாம். இடைத்தரகர் தளங்களில் கார்டு சுலபமாக ஏறும், ஆனால் ஒவ்வொரு சீட்டுக்கும் மேலே ஒரு கட்டணம் வைப்பார்கள். நான்கு பேர் குடும்பத்துக்கு அந்தக் கட்டணத்திலேயே ஒரு வேளைச் சாப்பாடு முடிந்துவிடும். இங்கே படுக்கைகள் பெட்டியின் நீளவாக்கில் இருக்கும், நம் ஊர் சைடு பெர்த் மாதிரி. கீழ்ப் படுக்கை அகலம், ஜன்னல் உண்டு. மேல் படுக்கை குறுகல், ஜன்னல் இல்லை, விலையும் குறைவு. தலையணை, போர்வை, விரிப்பு தருவார்கள். 31, 32 எண் வண்டிகளின் பெட்டிகள் புதியவை. வயதானவர்களோடு போனால் அவர்களுக்குக் கீழ்ப் படுக்கைக்குக் கூடக் கொடுப்பதில் யோசிக்காதீர்கள், ஏணி செங்குத்தானது.

பாங்காக்கில் இறங்குமிடம் மாறிவிட்டது. 2023 ஜனவரி 19 முதல் தூர ரயில்கள் குருங்தேப் அபிவத் என்ற பெரிய நிலையத்திலிருந்து ஓடுகின்றன. பழைய ஹுவாலம்போங்கில் சாதாரண வண்டிகள்தான் மிச்சம். ஹோட்டலை ஹுவாலம்போங் பக்கத்தில் எடுத்துவிட்டு ‘ரயில் நிலையத்துக்கு நடந்துபோய்விடலாம்’ என்று இருந்துவிடாதீர்கள். இரண்டு நிலையங்களுக்கும் நடுவே மெட்ரோ இருக்கிறது.

தாய்லாந்து 2024 ஜூலை 15-இல் இந்தியர்களுக்கு 60 நாள் விசா விலக்கு கொடுத்தது. இந்த நாள்கணக்கை அவர்கள் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். டிக்கெட் எடுக்கும் வாரத்தில் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பாங்காக் – வியஞ்சான்

இங்கே உடைக்க வேண்டியதில்லை. 2024 ஜூலையில் தொடங்கிய 133 எண் வண்டி, இரவு பாங்காக்கில் ஏறினால் காலை லாவோஸ் தலைநகர் வியஞ்சானில் விடுகிறது. தொடங்கியபோது மூன்றாம் வகுப்பு மின்விசிறி இருக்கை 281 பாட், ஏசி இருக்கை 574, மேல் படுக்கை 784, கீழ்ப் படுக்கை 874. மூன்றாம் வகுப்பு ஆசையாகத்தான் இருக்கும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தபடி என்பதை முதுகிடம் கேட்டுவிட்டு எடுங்கள். படுக்கை எடுத்தால் ஓர் இரவு ஹோட்டல் வாடகை மிச்சம், ஆகவே 784 பாட்தான் உண்மையில் மலிவு.

காலையில் நோங்காயில் வண்டி நிற்கும். பையோடு இறங்கி, தாய்லாந்து வெளியேற்ற முத்திரை வாங்கி, மறுபடி ஏற வேண்டும். தூங்கிக்கொண்டிருந்தால் கதை கந்தல். பிறகு 1994-இல் திறந்த நட்புப் பாலத்தில் மேகாங் ஆற்றைத் தாண்டி, லாவோஸ் முத்திரை கம்சவத் நிலையத்தில். லாவோஸ் விசாவை எல்லையில் வாங்கலாம். டாலரில் கட்டுவது நல்லது, கிழியாத, கிறுக்காத நோட்டாக. பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். 133-இல் இடம் இல்லையென்றால்தான் நோங்காய்வரை வேறு ஏதாவது வண்டி, அங்கிருந்து பாலம்வழி பஸ் என்று உடைக்க வேண்டும்.

வியஞ்சானில் ஒரு பொறி இருக்கிறது. தாய்லாந்து வண்டி வரும் கம்சவத் வேறு, 2021 டிசம்பரில் திறந்த லாவோஸ் – சீனப் பாதையின் வியஞ்சான் நிலையம் வேறு. தண்டவாள அகலமே வேறு. லுவாங் பிரபாங் போகும் வண்டிக்கு ‘அதே நிலையத்தில் மாறிக்கொள்ளலாம்’ என்று இருந்தால் வண்டி போய்விடும். நடுவில் சாலைப் பயணம் உண்டு. சீனப் பாதையில் பை பரிசோதனை விமான நிலையம்போல. ஸ்பிரே டப்பா, கத்தரிக்கோல், காய் நறுக்கும் கத்தி எல்லாம் பிடுங்கிக்கொள்வார்கள். டிக்கெட் அந்த ரயில்வேயின் எல்சிஆர் ஆப்பில், பாஸ்போர்ட் எண்ணோடு. இந்த வண்டி சீனத்தின் குன்மிங்வரை போகும், ஆனால் இந்தியருக்குச் சீன விசா முன்பே வேண்டும்.

லாவோஸ் பாதையைப் பற்றிப் பேசும்போது சொல்லியே ஆக வேண்டியது ஒன்று. ‘டேட்டா என்ட்ரி வேலை, தாய்லாந்தில் இறங்கினால் போதும், ரயில் டிக்கெட் நாங்கள் எடுத்துத் தருகிறோம்’ என்று வரும் அழைப்பில் ஏறாதீர்கள். மியான்மரின் மியாவாடியிலும் லாவோஸின் தங்க முக்கோணப் பகுதியிலும் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டவர்களில் தமிழ் இளைஞர்களும் இருந்தார்கள். சுற்றுலா நுழைவில் வேலை செய்ய முடியாது. அடுத்த நாட்டுக்கு டிக்கெட்டை இன்னொருவர் எடுத்துக்கொடுப்பதே இந்தப் பாதையில் முதல் அபாயக் குறி.

ஓடாத எல்லைகள்

டிக்கெட் கொடுக்கிறார்கள் என்பதால் எல்லை திறந்திருக்கிறது என்று பொருள் இல்லை. பாங்காக்கிலிருந்து கம்போடிய எல்லையில் உள்ள அரண்யபிரதேத்துக்கு ஐம்பது பாட்டுக்குள் மூன்றாம் வகுப்பு டிக்கெட் உண்டு. 2025-இல் இரு நாட்டுச் சண்டையில் அந்த எல்லை மூடப்பட்டது. எல்லை ஊர்வரை ஓடுவது உள்நாட்டு வண்டி. அதற்கப்பால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கவுண்டரில் யாரும் கேட்க மாட்டார்கள். நம் பக்கமும் அப்படியே. பாகிஸ்தான் போன சம்ஜோதா எக்ஸ்பிரஸ் 2019 ஆகஸ்டில் நின்றது. வங்கதேசம் போன மைத்ரி, பந்தன், மிதாலி மூன்றும் 2024 ஜூலையில் நின்றன. பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டுக் கொல்கத்தாவரை போய்விடாதீர்கள்.

ஐரோப்பாவில் படிக்கும் பிள்ளைகள் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் நிறைய. அங்கே நம் சூட்சுமம் பாதி நாள் தலைகீழ்: முன்கூட்டி எடுத்தால், எல்லை தாண்டும் ஒரே டிக்கெட்தான் மலிவு. ஆனால் ஒரே வண்டியை இரு நாட்டு ரயில்வேயும் வேறு வேறு விலைக்கு விற்கும். பெர்லின் – பிராக் வண்டியை ஜெர்மன் தளத்தில் பார்த்தபின் செக் ரயில்வே தளத்திலும் பாருங்கள். ஜெர்மனியின் மாதாந்திர டாய்ச்லாண்ட் டிக்கெட் கையில் இருந்தால், அது உள்ளூர் வண்டிகளில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நிலையம்வரை செல்லும். ஆக ஆஸ்திரியாவுக்குள் போக அங்கிருந்து எடுத்தால் போதும். லக்சம்பர்க்கில் 2020 பிப்ரவரி 29-இலிருந்து இரண்டாம் வகுப்பு ரயிலே இலவசம். எல்லை நிலையம்வரை மட்டும் காசு கொடுங்கள்.

பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு

நேபாளம் இருக்கிறது. பீகாரின் ஜயநகரிலிருந்து ஜனக்பூர் வழியாகக் குர்தாவுக்கு 2022 ஏப்ரலில் ரயில் தொடங்கி, பிறகு பங்காஹாவரை நீண்டது. சீதை பிறந்த ஊர் என்று சொல்லப்படும் ஜனக்பூருக்கு, இந்தியாவிலிருந்து பாஸ்போர்ட் இல்லாமல் ரயிலில் போகலாம். இந்தியரும் நேபாளியரும் மட்டுமே ஏறலாம்.

இங்கும் உடைத்துத்தான் எடுக்க வேண்டும், வேறு வழி கிடையாது. ஐஆர்சிடிசி-யில் ஜயநகர்வரைதான் கிடைக்கும். நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்குப் பெங்களூர் – தானாபூர் சங்கமித்ரா ஒரு வழி. பட்னாவை ஒட்டிய தானாபூரில் இறங்கி ஜயநகர் வண்டி பிடிக்க வேண்டும். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். தீபாவளி முடிந்து பீகாரின் பெருவிழாவான சட் பூஜை வரும் வாரத்தில் இந்தப் பாதையில் போக நினைக்கவே வேண்டாம். ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பீகார்க்காரர்களைக் கேட்டால் பெட்டி எப்படி இருக்கும் என்று சொல்வார்கள். ஜயநகரில் இந்திய ரயில்வே நிலையத்தை ஒட்டியே நேபாள ரயிலின் தனி நிலையமும் கவுண்டரும் இருக்கின்றன. டிக்கெட் அங்கே, அன்றன்றைக்கு.

ஆதாரை நீட்டினால் போதும் என்று நினைத்துப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பெரியவர்களுக்கு ஏற்றுக்கொள்ளப்படுவது பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அட்டை. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் 15-க்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும்தான் வேறு படம் ஒட்டிய அட்டைகள் செல்லும். இடைப்பட்ட வயதில் வாக்காளர் அட்டை தொலைந்திருந்தால் கிளம்பும் முன் தாலுகா அலுவலகத்தில் மாற்று அட்டைக்கு எழுதிக் கொடுங்கள். அது கைக்கு வந்தபின் சங்கமித்ராவைப் பதிவு செய்யலாம். செலவுக்கு நூறு ரூபாய் நோட்டுகளாக எடுத்துப் போங்கள். நேபாளக் கடிகாரம் நம்மைவிட 15 நிமிடம் முன்னால். திரும்பும் வண்டிக்கு அந்தக் கால் மணியையும் சேர்த்துக் கிளம்புங்கள்.